எடை கேட்காத வேதா

வாசல் மணியை அழுத்திவிட்டு வேதா வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை வெளியே காட்டி நின்றுகொள்கிறாள். கதவு திறந்ததும் வீட்டுக்காரி முதலில் பார்ப்பது அந்தக் கையைத்தான். "எடை நக்கோம்மா. பொறந்த எடையை மட்டும் சொல்லாதீங்க. மத்தது என்ன வேணும்னாலும் சொல்லுங்க." நலம் விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகு. தெலுங்கு வீடானால் இதே வாக்கியம் தெலுங்கில் வரும். பழைய நகரத்துப் பக்கமானால் அங்கத்து உருதுவான தக்கினியில் வரும். கை மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்று.

செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்தபடியே உள்ளே போவாள். வெட்கமோ பக்தியோ இல்லை. இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஷோகேஸுக்குள் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பிறந்த நான்காம் நாள் இரண்டையும் ஒரே துண்டின் மேல் படுக்கவைத்து எடுத்தது. அதில் எது குண்டு, எது சோனி என்பது குருடனுக்கும் தெரியும். அந்தப் படம் கண்ணில் பட்டுவிடக்கூடாது. ஆகையால் ஷோகேஸுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். பட்டான்செருவில் ஒரு மாமியார், "இந்தப் பொம்பளை நிமிர்ந்தே பாக்கறதில்லையே, யார் பெத்த புண்ணியமோ" என்று மருமகளைக் குத்திக்காட்டுவதற்கு இவளை உதாரணமாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

வேதாவுக்கு நாற்பத்தாறு வயது. தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்து லாலாகுடாவில் தங்கிவிட்ட குடும்பம். தமிழ்தான் வீட்டு மொழி என்றாலும் அதில் பாதி வழியில் தக்கினி ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'ஆமாம்' என்று சொல்லவே வராது, 'ஹவ்' என்றுதான் வரும். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வீடு வீடாகப் போகும் வேலை. ஒரே பிரசவத்தில் பிறந்து, எடையில் நிறைய வித்தியாசம் இருந்த முந்நூறு ஜோடிக் குழந்தைகளை அங்கே வருடத்துக்கு ஒரு முறை பார்த்து வருகிறார்கள். வயிற்றுக்குள்ளேயே ஒன்று நன்றாக வளர்ந்து மற்றது இளைத்துப் பிறந்தால், இளைத்தது பின்னால் எட்டிப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி. எடை, உயரம், கட்டை அடுக்குவது, படம் காட்டிக் கேட்பது, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் ஆகும்.

யார் எத்தனை கிலோவில் பிறந்தார்கள் என்ற பட்டியல் அலுவலக பீரோவில் இருக்கிறது. சாவி, கணக்கெடுப்பைப் பார்க்கும் வெங்கடராமனிடம். சோதனை செய்கிறவளுக்கு அது தெரியக்கூடாது என்பது சட்டம். "தெரிஞ்சா உங்க கை இளகிடும் வேதாம்மா. ஐயோ பாவம், சின்னதாப் பொறந்ததுன்னு அரை மார்க் கூடப் போடுவீங்க. இல்லாட்டி, சின்னதுதானே, இதுக்கு எங்க தெரியப்போகுதுன்னு குறைச்சுப் போடுவீங்க. ரெண்டும் தப்பு" என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். சோதனைக்கு முன்னால் எடை காதில் விழுந்தால் அந்த வருடத் தாள் செல்லாது. பின்னால் விழுந்தால் அடுத்த வருடம் அந்த வீட்டுக்கு வேறு ஆள் போவார். யாருக்கு எத்தனை மார்க், யார் கெட்டி, யார் மக்கு என்று பெற்றவர்களிடம் மூச்சு விடக்கூடாது என்பது இன்னொரு சட்டம்.

பெற்றவளிடம் போய் எடையைச் சொல்லாதே என்பது, பொங்குகிற பாலிடம் பொங்காதே என்று சொல்கிற கதைதான். பீரோ சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவள்கூட இந்த எண்ணை மறப்பதில்லை. வேதாவே அப்படித்தான். அவளுடைய இரண்டு பெண்களும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்; 'பெருசு மூணு கிலோ, சின்னது ரெண்டே முக்கால்' என்பது இன்றைக்கும் நாக்கு நுனியில் நிற்கிறது.

இப்போதைய எடையைப் பார்ப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. கண் பட்டுவிடும் என்று பிள்ளையை மெஷினில் ஏற்றவே பல பேருக்கு மனசு வராது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை ஆகவே ஆகாது. வேதா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். முதலில் அம்மாவை ஏற்றுவாள். அப்புறம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறச் சொல்வாள். முள் நின்றதும் அதன்மேல் முந்தானையைப் போட்டு மூடி, தான் மட்டும் குனிந்து பார்த்து, எழுதி, கழித்துக்கொள்வாள். "புள்ளையை யாரும்மா எடை போட்டா? உன்னைத்தானே போட்டேன்" என்பாள். கிளம்பும்போது, "நான் போனதும் உப்பு சுத்திப் போட்டுடு" என்று அவளே நினைவுபடுத்துவாள். ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி ஷிப்ட் முடித்து வந்து கதவைத் திறக்கிற பெண்கள், உடம்பெல்லாம் மாத்திரை வாசனையோடு, இதற்காகவே இவளை மதிக்கிறார்கள். அவர்களுக்கு உள்ள ஒரே குறை, தங்கள் எடை வருடா வருடம் ஏறுவதை இவள் எழுதிக்கொண்டு போகிறாள் என்பதுதான்.

பையில் கட்டைகளும் பட அட்டைகளும் போக, ஒரு கைக்குட்டை முடிச்சு இருக்கும். அதற்குள் டாஃபி. சோதனை முடிந்த பிறகு ஆளுக்கு ஒன்று. முன்பெல்லாம் பையில் சும்மாதான் போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் நாச்சாரத்தில் ஒரு வாண்டு நாலாவது கட்டையை வைக்கப் போகும்போது இவள் பென்சில் தேடிப் பைக்குள் கையை விட்டாள். காகிதம் சரசரத்தது. கட்டை கீழே விழுந்தது, பிள்ளை பைக்குள் விழுந்தது. "டாஃபி சத்தம் கேட்டா எந்தப் புள்ளையும் ஆடும். டெஸ்ட்டே நாஸ்தி" என்று சொல்லி அன்றிலிருந்து துணியில் முடிந்துவிட்டாள்.

இத்தனை கட்டுப்பாடும் இருக்கிற இந்தப் பெண்ணுக்கு ஒரு திருட்டுத்தனமும் உண்டு. வீட்டை விட்டு வருவதற்குள், இந்த இரண்டில் எது இளைத்துப் பிறந்தது என்று மனசுக்குள் ஒரு முடிவு கட்டிவிடுவாள். தன்னுடைய குட்டி டைரியில் அந்தப் பெயரின் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. யாருக்கும் காட்டுவதில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆறு வருடமாக இத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு விடை மட்டும் தெரியாது என்றால் மண்டை குடையத்தானே செய்யும். ஒரு தடவை வெங்கடராமன் மனமிரங்கி, ஊரை விட்டே போய்விட்ட பத்து ஜோடிகளுக்கு மட்டும் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். பத்துக்கு நாலுதான் சரி. "காசைச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சாவது வந்திருக்கும்" என்றார். வேதா அசரவில்லை. சராசரியாகப் பார்த்தால் இளைத்தது கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது என்று அவர் ஏதோ விளக்கம் சொல்லப் போக, "ஹவ் ஹவ், அந்தச் சராசரிப் புள்ளை யாரு வீட்டுல இருக்கு சார்? நானும் முந்நூறு வீடு போயிட்டேன், ஒரு வீட்டுலயும் காணோமே" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

இந்த வருடம் அவளுக்கு வெள்ளெழுத்து முற்றிவிட்டது. போன வருடம் வரை கேள்வித்தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, பிள்ளையின் தலைக்கு மேலாகப் பார்த்துப் படிப்பாள். கேள்வியை ஓர் எழுத்து மாறாமல் படிக்க வேண்டும் என்பதால் மனப்பாடத்துக்கு இடமில்லை. இப்போது படிப்பதற்குக் கண்ணாடி வாங்கிவிட்டாள். தாள் மடியில், முகம் தாளில்.

2007 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. கொண்டாப்பூரில் ரோஸ்லின் வீடு. நாசரேத் பக்கத்துக்காரி, கணவனுக்குச் சாப்ட்வேர் வேலை, கலியாணமாகி வந்ததிலிருந்து இந்த ஊர். ரூபன், ஜோயல் என்று இரண்டு பிள்ளைகள். ஆறு வயது ஆகப்போகிறது. வேதா இங்கே வருவது இது நாலாவது தடவை. வழக்கம்போலக் கையைத் தூக்கினாள்.

"தெரியும்க்கா, சொல்ல மாட்டேன். வாங்க, காப்பி போடட்டா?" என்றாள் ரோஸ்லின். குரல் சரியாக இல்லை.

ரூபனை முதலில் அறைக்குள் கூப்பிட்டாள். இப்போது அவன்தான் சதைப்பிடிப்பு. மற்றவனைவிட முக்கால் கிலோ கூட. "எந்தப் பாஷைடா?" என்று கேட்டதற்கு, "இங்கிலீஷ், ஆன்ட்டி" என்றான் பட்டென்று. பட அட்டையில் கேட்டதையெல்லாம் தொட்டுக் காட்டினான். ஏழு சொல் உள்ள வாக்கியத்தைக்கூட அப்படியே ஒப்பித்தான்.

அடுத்தவன் ஜோயல். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தான். "எந்தப் பாஷைடா?" என்று தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். "ஆ?" என்றான். மறுபடி கேட்டதும் "இங்கிலீஷ்" என்றான். கட்டையில் அவன் கை பறந்தது. மாதிரிப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எட்டுக் கட்டைப் பாலத்தைக் கட்டிவிட்டான். சொல்லுக்கு வந்தபோதுதான் எல்லாம் கவிழ்ந்தது. கேள்வியைப் படிப்பாள், அவன் ஜன்னலைப் பார்ப்பான். படிப்பாள், அட்டையின் ஓரத்தைச் சுரண்டுவான். பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே வந்தாள். நடுநடுவே "ஆ?" என்று கேட்டான். கேட்டால் ஒரு முறை திருப்பிச் சொல்லலாம் என்று விதி இருக்கிறது, சொன்னாள். பென்சிலைக் கீழே வைக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தமும் ஒரு நிச்சயமும் இருந்தன. டைரியில் ஜோயல் என்ற பெயரின் கீழே புள்ளி வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தாள்.

வெளியே வந்தபோது ரோஸ்லின் காப்பியை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் இரண்டும் கூடத்தில் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டன.

"அக்கா, நீங்க மார்க்கு சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஸ்கூல்ல ஜோயல இன்னும் ஒரு வருசம் யூகேஜிலயே போடுதோம்ங்காவ. ரூபனை மட்டும் ஒண்ணாங்கிளாஸுக்கு அனுப்புவாவளாம். திங்கக்கெழமை கையெழுத்துப் போடணும். அவுக ஆள மாத்திப் புரிஞ்சுக்கிட்டாவளோன்னு நினைக்கேன்."

"என்னாத்தை மாத்தி?"

"நிப்பாட்டணும்னா ரூபனைல்லா நிப்பாட்டணும். ஜோயலுக்கு என்ன கேடு? அவனுக்கு ஒண்ணும் இல்லக்கா, திமிரு. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கான். எதக் கேட்டாலும் 'ஆ'ங்கான். நேத்து அவுக அப்பா நாலு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டு ஸ்கேலால அடிச்சிட்டாவ. கையில பட்டை பட்டையாத் தடிச்சிருக்கு. அடி வாங்கிட்டு, எதுக்கு அடிச்சாவன்னே தெரியாத மாதிரி பாக்கான். இதுக்கெல்லாம் பொறந்ததுலயே..."

வேதாவின் கை உயர்ந்தது. ரோஸ்லின் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை.

"ரூபன்தான்க்கா ஒண்ணு முந்நூறு. கண்ணாடிப் பெட்டியில இருபத்திரெண்டு நாள் கெடந்தான். இவன் ரெண்டு நானூறு. ரெண்டு நானூறுல பொறந்த பயலுக்கு என்ன கொறை வரும்?"

"கைக்கு, ஏம்மா சொன்னே? நாலு வருசமாக் காப்பாத்தி வச்சிருந்தேனே" என்றாள் வேதா. நிஜமாகவே மனம் கசந்தது. இந்த வீடு இனி வேறு ஆளுக்கு. தாளை எடுத்து, 'சோதனைக்குப் பின் தெரியவந்தது' என்று எழுதித் தேதி போட்டாள். டைரியின் புள்ளியும் தப்பாகிவிட்டது. காசைச் சுண்டியிருக்கலாம்.

ரோஸ்லின் ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறவள் இல்லை. ஆனால் இருபத்திரெண்டு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருவனைப் பார்த்த பயம் ஆறு வருடமாக அவளை விடவில்லை. முட்டையும் நெய்யும் பேரீச்சம்பழமும் அவனுக்கு. தும்மினால் டாக்டர். பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிப் பேசியே அவன் வாயைத் திறந்துவிட்டாள். 'நல்ல எடை' என்று டாக்டர் சொல்லிக் கொடுத்த மற்றவனைத் தானாக வளர்கிற செடி என்று விட்டுவிட்டாள். அவனைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

வேதாவுக்குத் தாளை மூட மனம் வரவில்லை. இரண்டு நானூறு என்றால், இத்தனை பூஜ்யம் ஏன்? எட்டுக் கட்டைப் பாலத்தை ஒரே பார்வையில் கட்டியவனுக்கு 'ஏணி எது' என்று தெரியாமலா போகும்? ஒவ்வொரு கேள்வியாக விரலை வைத்துக்கொண்டு போனாள். பூஜ்யங்களுக்கு நடுவே மூன்று சரி. மூன்றும் அவன் "ஆ?" என்று கேட்டு, இவள் திருப்பிச் சொன்னவை. திருப்பிச் சொல்லும்போது அவள் தாளைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். போன வருடம் எல்லாக் கேள்வியையும் இப்படி அவள் வாய் அவனுக்குத் தெரியத்தான் கேட்டிருந்தாள். அப்போது இந்தப் பிள்ளை ஒன்றையும் விடவில்லை.

கண்ணாடி மூக்கில் கனத்தது. எல்லாரும் திமிர் என்றார்கள். அவள் மக்கு என்று எழுதிவிட்டாள். அதைவிட இது எந்த விதத்தில் நல்லது என்று நினைத்தபோது வேதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது சந்தேகம் என்றால் வீட்டில் வாயைத் திறக்காமல் அலுவலக டாக்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் பார்த்துக் கடிதம் அனுப்புவார். போன முறை ஒரு பிள்ளையின் கண்ணைப் பற்றி எழுதிக் கொடுத்தது கடிதமாகப் போய்ச் சேர ஏழு வாரம் ஆயிற்று. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. வீட்டில் ஸ்கேலும் இருக்கிறது.

"சொல்லுங்கக்கா. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

வேதா உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். ரோஸ்லினின் மணிக்கட்டைப் பிடித்து, சத்தமில்லாமல் நடத்திக் கொண்டுபோய், பிள்ளைகளுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நிறுத்தினாள். ஒரு டாஃபியை எடுத்து இரண்டு பக்கமும் மெல்ல முறுக்கினாள்.

காகிதம் சரசரத்தது. ரூபனின் தலை வெடுக்கென்று திரும்பியது. "டாஃபி!" என்று எழுந்து ஓடி வந்தான். ஜோயல் ஆறாவது கட்டையை ஐந்தாவதின் மேல் நேராக வைத்தான்.

இன்னொரு டாஃபியை வேதா ரோஸ்லினின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ரோஸ்லின் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு இரண்டடி முன்னால் போய், மகனின் பின்னங்கழுத்துக்கு அருகே குனிந்து, தானே முறுக்கினாள். அவன் ஏழாவது கட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் திரும்பவும் முறுக்கினாள். காகிதம் கிழிந்து டாஃபி அவள் விரலிடுக்கில் வந்துவிட்டது. அவன் தேடிய கட்டை கிடைத்துவிட்டது, எடுத்து வைத்தான். "ஏல ஜோயல்" என்றாள், வாய்க்குள்ளேயே. அதற்கும் அவன் திரும்பவில்லை.

வேதா சுற்றிக்கொண்டு போனாள். அவனுக்கு நேர் எதிரே, கட்டைக்கு அந்தப் பக்கம், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஷோகேஸ் இப்போது அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் நிமிரும் வரை காத்திருந்து, புதுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கேட்டாள்:

"ஜோயல், டாஃபி வேணுமா?"

"வேணும், ஆன்ட்டி" என்றான்.